எஞ்சின் மாற்றிய வண்டியா? ஹீட் மீட்டர் ஒயரைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

என் பழைய அம்பாசிடருக்கு எஞ்சின் மாற்றும்போது ஹீட் மீட்டரில், அதாவது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளில், ஏமாற்று வேலை செய்த பட்டறையின் பெயரைப் போடச் சொல்லி நண்பர்கள் கேட்கிறார்கள். போடப் போவதில்லை. என் கையில் இருப்பது ஜிஎஸ்டி எண் கூட இல்லாத ஒரு துண்டுச்சீட்டு. அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது? அந்தப் பட்டறைக்காரர் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன். உங்கள் வண்டியிலும் அது இருக்கலாம்.

அப்பா வாங்கிய 1986 அம்பாசிடர். அதன் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் புகை தள்ளி, ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டது. உடைக்கப் போயிருந்த ஒரு 1800 ஐஎஸ்இசட் (இசுசு எஞ்சினோடு பின்னால் வந்த அம்பாசிடர்) வண்டியிலிருந்து 1817 சிசி இசுசு எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் கிடைத்தன. கோவையில் ஒரு பட்டறையில் கூலியோடு சேர்த்து 95,000 ரூபாய் பேசி வண்டியை விட்டேன். (ஆர்சியில் எஞ்சின் நம்பர் மாற்ற வேண்டாமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் யாருங்க சார் பாக்கறாங்க" என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆர்டிஓ ஆபீசுக்கு நானே அலைந்து முடித்தது தனிக்கதை.)

வண்டியை எடுத்த அன்றே ஹீட் முள் பத்து நிமிடத்தில் சிவப்புக்குப் போய்விட்டது. எஞ்சினில் ஒரு குறையும் தெரியவில்லை, ஹோஸைத் தொட்டுப் பார்த்தால் வழக்கமான சூடுதான். திருப்பிக் கொண்டுபோய் விட்டேன். மறுநாள் சாயங்காலம், "சரி பண்ணியாச்சு சார்" என்று சாவியைக் கொடுத்தார். பில்லில் ஒரு வரி: ஹீட் மீட்டர் சரி செய்தது, 350 ரூபாய்.

சரியாகத்தான் இருந்தது, ரொம்பவே சரியாக. டிராஃபிக்கில் நின்றாலும் பைபாஸில் எண்பதில் போனாலும் முள் நட்டநடுவில் ஆடாமல் அசையாமல் நின்றது. வீட்டில் இருக்கும் புது காரிலும் முள் இப்படித்தான் நிற்கும் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. (புது வண்டிகள் பலவற்றில் சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி கம்பெனியிலேயே செய்துவிடுகிறார்கள். ஓட்டுபவர் பதற வேண்டாம் என்று. பழைய மீட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.) காலையில் சாவி போட்டு அரை நிமிடத்துக்குள் முள் நடுவுக்கு வந்துவிடும். இசுசு எஞ்சின் சீக்கிரம் சூடாகிறது என்று மனைவியிடம் பெருமை வேறு பேசினேன்.

மூன்றாவது மாதம் வால்பாறை கிளம்பினோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் இறங்கி அணையைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினோம். இருபது தாண்டியிருக்கும், "ஏங்க, என்னமோ தித்திப்பா வாசம் வருது" என்றாள் மனைவி. கூலன்ட் கசிகிற வாசம் அது என்று எனக்கு உறைக்கவில்லை. மீட்டரைப் பார்த்தேன். நடுவில். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி இன்னும் இரண்டு வளைவு ஏற்றினேன். அந்த இரண்டு வளைவுதான் 18,500 ரூபாய்.

பானெட் இடுக்கில் ஆவி கிளம்பிய பிறகும் முள் நடுவில்தான் நின்றது. மச்சான் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான். கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். மூடி அழுத்தம் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே தண்ணீர் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த நொடியில் எல்லாம் கொதித்து முகத்தில் அடிக்கும்.

கட்டி இழுத்து வண்டியைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்தோம். எஞ்சின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. அலுமினிய ஹெட் வளைந்து, லேத்தில் கொடுத்து மட்டமாகச் சீவி ஃபேஸிங் செய்ய வேண்டியதாயிற்று. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. சின்ன எஞ்சினுக்கு இருந்த பழைய ரேடியேட்டரையே, அதுவும் பாதி அடைத்ததை, மாட்டிவிட்டிருக்கிறார்கள். முள் உண்மையைச் சொல்லியிருந்தால் ஆறாவது வளைவிலேயே ஓரங்கட்டியிருப்பேன்.

எஞ்சின் வேலை முடிந்ததும் அங்கிருந்த வயதான எலெக்ட்ரீஷியனிடம் மீட்டரைக் காட்டினேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டி. சாவி போட்டார், முள் மெல்ல ஏறி நடுவில் நின்றது.

"ஏனுங் தம்பி, பச்சைத் தண்ணியா இருக்கற எஞ்சினுக்கு முள்ளு எப்படிங்க பாதில நிக்கும்?"

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மூன்று மாதம் தினமும் காலையில் பார்த்த காட்சி அது.

அடுத்து எஞ்சினில் சூட்டை அளந்து மீட்டருக்குச் சொல்லும் சென்சாரின் ஒயரைப் பிடுங்கினார். முள் கீழே விழ வேண்டும். அசையவில்லை. "வாங்க" என்று டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, மீட்டரின் பின்பக்கத்திலிருந்து கறுப்பு டேப் சுற்றிய ஒரு உருண்டையை இழுத்தார். பிரித்தால் உள்ளே ஒரு ரெசிஸ்டர், மாறாத மின்தடை உள்ள சின்னத் துண்டு. ஒரு கால் மீட்டர் முனையில், இன்னொரு கால் பாடி ஸ்க்ரூவில். சென்சாரிலிருந்து வந்த ஒயரைப் பாதியில் வெட்டி மடக்கி வைத்திருந்தார்கள். மூன்று மாதமாக மீட்டர் காட்டியது எஞ்சினின் சூட்டை இல்லை, இரண்டு ரூபாய் ரெசிஸ்டரை.

முதல் நாள் முள் சிவப்புக்குப் போனதற்கு அவர் சொன்ன விளக்கம் இதுதான். சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும், மீட்டர் அதைப் பார்த்துத்தான் முள்ளை நகர்த்துகிறது. எந்தச் சூட்டுக்கு எத்தனை ஓம் என்பது ஒவ்வொரு வகைக்கும் வேறு. விடிஓ கம்பெனியின் 120 டிகிரி வகை சென்சார் ஒன்று 40 டிகிரியில் சுமார் 290 ஓம், 120-ல் சுமார் 22 ஓம் காட்டும். வேறு கணக்கில் செய்த மீட்டரில் அதை மாட்டினால் முள் பொய்தான் சொல்லும். என் வண்டியில் மீட்டர் பழைய எஞ்சினுக்கு ஜோடி, சென்சார் புது எஞ்சினோடு வந்தது. பழைய சென்சாரைக் கழற்றி இதில் போட்டிருந்தாலே வேலை முடிந்திருக்கும். ஆனால் பழைய எஞ்சினைக் காயலான் கடைக்குப் போட்டபோது சென்சாரும் அதோடு போய்விட்டது.

பழைய மீட்டருக்குப் பொருந்தும் சென்சார் ஒன்றைத் தேடி வாங்கினோம். மரை சேரவில்லை, லேத்தில் பித்தளை புஷ் கடைந்தோம். ஒழுகக் கூடாது என்று நான் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றிவிட்டேன், முள் கீழேயே கிடந்தது. ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அதன் உடம்பு வழியாகத்தான் போக வேண்டும், டேப் அதை அடைத்துவிட்டது. பிரித்து எடுத்ததும் சரியானது. இன்னொரு கூத்து, ஹெட்லைட் போட்டால் முள் துள்ளியது. எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையில் எர்த் பட்டையே மாட்டவில்லை, அந்தப் புண்ணியவான்கள்.

புஷ்ஷில் பூட்டுவதற்கு முன்பே சென்சாரைப் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, அதன் உடம்புக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் கொடுத்து, மீட்டரோடு சேர்த்து, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து அடுப்பை மூட்டியிருந்தோம். 82-ல் முள் எங்கே, கொதிக்கும்போது எங்கே என்று பார்த்து மீட்டர் கண்ணாடியில் நெயில் பாலிஷால் இரண்டு புள்ளி வைத்தேன். 82 ஏனென்றால், ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வான என் தெர்மோஸ்டாட் திறக்கும் சூடு அது. இதை மலை மேல் செய்யாதீர்கள். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்.

பழைய வகை மீட்டர் உள்ள வண்டியில் எஞ்சின் மாற்றினால் பில் கொடுக்கும் முன் பட்டறையிலேயே நின்று இதைச் செய்யுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது சாவி போடுங்கள், முள் அடியில் கிடக்க வேண்டும். சென்சார் ஒயரைக் கழற்றி ஒரு கணம் எஞ்சின் இரும்பில் தொடச் சொல்லுங்கள், சிவப்பை நோக்கி ஏற வேண்டும். எடுத்தால் இறங்க வேண்டும். ரொம்ப நேரம் தொட்டு வைக்காதீர்கள், மீட்டர் கெட்டுவிடும். ஒயரைத் தொடவே விடாமல் யாராவது சமாளித்தால் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈசியூ (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) உள்ள எஞ்சின் என்றால் அதன் இரண்டு ஒயர் சென்சாரிலிருந்து மீட்டருக்குக் கிளை இழுக்க விடாதீர்கள், இரண்டுமே தப்பாகக் காட்டும். மீட்டருக்குத் தனி சென்சார்தான்.

கோவைக்காரருக்கு ஃபோன் செய்தேன். "மலை ஏத்தினா எந்த வண்டியும் ஹீட் ஆகத்தான் சார் செய்யும்" என்றார். ரெசிஸ்டரைப் பற்றிக் கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது.

இப்போது காலையில் முள் செத்தது மாதிரி கிடந்து, ஏழெட்டு நிமிடம் எடுத்து முதல் புள்ளிக்கு வருகிறது. சிக்னலில் கொஞ்சம் ஏறுகிறது, வண்டி ஓடினால் இறங்குகிறது. ரேடியேட்டரும் மாற்றியாயிற்று. ஆழியாறு வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தோம். அதற்கு மேலே ஏற மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.