63 லட்சத்துக்கு ஒரு கேமன், 52 லட்சத்துக்கு ஒரு மஸ்டாங்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் என் மைத்துனருக்காக, ஒரே வாரத்தில் இரண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை விலை பார்க்க வேண்டியிருந்தது. முதலாவது, பொள்ளாச்சிக்கு அருகே ஒரு தோப்பு வீட்டில் நின்ற 2017ஆம் ஆண்டு போர்ஷே 718 கேமன். ஓடியது 9,200 கிலோமீட்டர், பதிவு புதுச்சேரி, கேட்ட விலை 63 லட்சம். இரண்டாவது, திருப்பூரிலேயே இருந்த அதே ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. ஓடியது 34,000 கிலோமீட்டர், டிஎன் 39 பதிவு, கேட்ட விலை 52 லட்சம். ஓடாத வண்டிக்கு 11 லட்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயம்தான் என்ற எண்ணத்தில் மைத்துனர் பார்ப்பதற்கு முன்பே கேமன் பக்கம் சாய்ந்திருந்தார். இரண்டையும் பார்த்து முடித்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அடிப்படை விலையை எங்கிருந்து தொடங்குவது என்பதிலேயே பலரும் தடுமாறுகிறார்கள். மஸ்டாங் 2016 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தபோது டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம். கேமன் 2017 தொடக்கத்தில் 81 லட்சத்துக்குச் சற்று மேல். இந்த இரு தொகைகளையும் வைத்து ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று கழித்துக்கொண்டே போவது ஸ்விஃப்ட்டுக்குப் பொருந்தலாம். ஆண்டுக்குச் சில வண்டிகளே கைமாறும் இந்த ரகத்துக்குப் பொருந்தாது. இன்சூரன்ஸ் பாலிசியில் வண்டியின் மதிப்பாகக் குறித்திருக்கும் ஐடிவி தொகையைக் காட்டி விலை பேசுவோரும் உண்டு. ஐந்து ஆண்டு வரை அந்தத் தொகைக்குத் தேய்மான அட்டவணை இருக்கிறது. நான்கிலிருந்து ஐந்து ஆண்டு வரையான வண்டிக்கு 50 விழுக்காடு கழியும். அதைத் தாண்டிவிட்டால் நிறுவனமும் உரிமையாளரும் பேசி வைத்துக்கொள்ளும் எண்தான் ஐடிவி என்பதால், எட்டு வயது வண்டியின் சந்தை விலைக்கு அது சாட்சியாகாது. அதே பாலிசியில் உள்ள நோ கிளெய்ம் போனஸ் விழுக்காடு மட்டும் பயனுள்ளது. அது 50 விழுக்காட்டில் இருந்தால் தொடர்ந்து ஐந்து ஆண்டாவது கிளெய்ம் இல்லை என்று பொருள்.

அடுத்தது ஆர்.சி. புக். கேமனின் விலையை நான் முதலில் குறைத்தது இந்தக் காகிதத்தைப் பார்த்தபோதுதான். விலையுயர்ந்த கார்களைப் புதுச்சேரியில் பதிவு செய்து வரியை மிச்சப்படுத்திக்கொள்வது பழைய வழக்கம். அந்த மிச்சம் முதல் உரிமையாளரின் பையில் சேர்ந்துவிட்டது. வாங்குபவருக்கு வந்து சேருவது அதன் கடன். பதிவான மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புதிய எண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். 2017இல் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 15 விழுக்காடாக இருந்த நம் மாநில ஆயுள் வரி, 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 20 விழுக்காடாகிவிட்டது. பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள் என்றாலும், 81 லட்சத்து வண்டிக்கு அது சில்லறைத் தொகையாக இராது. திருப்பூர் மஸ்டாங்குக்கு இந்தத் தொல்லை ஏதுமில்லை. வரி அன்றே கட்டியாகிவிட்டது, பதிவு 2032 வரை செல்லும், ஹைப்போதிகேஷன், அதாவது கடன் கொடுத்தவரின் பிடிப்பு, நீக்கிய பதிவும் ஆர்.சி.யில் ஏறியிருந்தது.

இனி வண்டிகள். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காளையின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதில்லை. காரின் பல் டயரில் இருக்கிறது. கேமனின் நான்கு டயர்களிலும் பக்கவாட்டில் 0817 என்று அச்சாகியிருந்தது, அதாவது 2017ஆம் ஆண்டின் எட்டாவது வாரத்தில் செய்தவை. பட்டன் தேயவே இல்லை. ஆனால் நகத்தால் அழுத்தினால் ரப்பர் இறங்கவில்லை, ஓரங்களில் முடி போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன. 300 குதிரைத் திறன் கொண்ட வண்டியை அந்த டயர்களோடு மழை நாளில் வால்பாறை மலைப்பாதையில் ஏற்ற எனக்குத் துணிவில்லை. “ஓடாத வண்டிங்க, புதுசுதானுங்க” என்று தோப்பின் மேலாளர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பிரச்சினையும் அதுதான்.

கேமனின் என்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால் நடுவில் இருப்பதால் பானெட்டைத் திறந்து பார்க்க ஒன்றுமில்லை. லிஃப்டில் ஏற்றிக் கீழிருந்துதான் பார்க்க வேண்டும். கோவையில் ஜெர்மன் வண்டிகளை மட்டும் பார்க்கும் ஓர் ஒர்க்‌ஷாப்புக்கு டிரக்கில் ஏற்றிக் கொண்டுபோனோம், ஏனென்றால் பேட்டரி இறந்திருந்தது. அடியில் எலி கடித்த வயர் ஒன்றும், அதன்மேல் யாரோ சுற்றிவிட்ட கறுப்பு டேப்பும் தெரிந்தன. கம்ப்யூட்டரை மாட்டியபோது என்ஜின் இயங்கிய நேரம் 410 மணி என்று வந்தது. கிலோமீட்டரை மணியால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். மீட்டரைத் திருப்பியிருந்தால் அந்த எண் நம்ப முடியாத அளவுக்குச் சரிந்துவிடும். இங்கே மணிக்கு 22 கிலோமீட்டர் வந்தது. மீட்டரில் கை வைக்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து, ஆயில் சூடேறும் முன்பே அணைத்து வந்திருக்கிறார்கள் என்றும் புரிந்தது. போர்ஷே என்ஜின் எல்லை மீறிச் சுழன்ற தடவைகளைக் கூடக் கணக்கு வைத்திருக்கும். ஆனால் கையால் கியர் மாற்றும் வண்டியில் தவறான கியர் விழுந்தால்தான் அது பெரும் கவலை, இந்த வண்டியில் இருந்த பி.டி.கே. எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அதற்கு இடம் கொடுக்காது.

மஸ்டாங்கின் உரிமையாளர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நான்கைந்து முறை ஓட்டியிருப்பதாக அவரே சொன்னார். டிராக்கில் ஓடிய வண்டி என்றதும் மைத்துனரின் முகம் சுருங்கியது. முன்பக்க பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் விரல் வைத்தால் மேடு தட்டுப்பட்டது, பின் டயர்களின் உட்புறம் வழுவழுத்திருந்தது. ஆனால் அவர் கொண்டுவந்த ஃபைலில் ஒவ்வோர் ஆயில் மாற்றத்துக்கும் ரசீது இருந்தது, 5.0 லிட்டர் வி8 என்ஜினுக்கு ஒவ்வொரு முறையும் ஏழரை லிட்டருக்கு மேல் ஆயில் பிடிக்கும், அந்த அளவே பில்களிலும் இருந்தது. பெயின்ட் மீட்டரில் மற்ற இடங்கள் 110 முதல் 130 மைக்ரான் காட்ட, வலது முன் ஃபெண்டர் மட்டும் 290 காட்டியது, அதாவது அங்கே மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கேட்பதற்கு முன்பே 2019ஆம் ஆண்டின் கிளெய்ம் பில்லை எடுத்து நீட்டினார். இடையில் ஒரு குறிப்பு: இந்த மஸ்டாங்கின் பானெட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம். காந்தம் ஒட்டவில்லை என்பதற்காகப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அலுமினியத்தையும் அளக்கும் மீட்டர்தான் வேண்டும்.

உதிரி பாகங்களைப் பொறுத்தவரை இரண்டுமே இறக்குமதிதான். ஃபோர்டு 2021இல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது மஸ்டாங்கின் மறுவிற்பனை விலையைச் சற்று இறக்கும். வாங்குகிறவருக்கு அது லாபம், பின்னாளில் விற்கும்போது அதே நட்டம் அவருக்கும் உண்டு.

பழைய கார்களை வாங்கி விற்கும் கன்சல்டிங் ஒன்றிலும் மஸ்டாங் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு விசாரித்தோம். அவர்கள் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான லாபத்துக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, 5 லட்சம் லாபம் வைத்தால் 90,000 ரூபாய். தனியாரிடம் நேரே வாங்கினால் அது இல்லை. ஒரே வண்டிக்கு இரு இடத்தில் இரு விலை சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறுதியில் நான் போட்ட கணக்கு இது. மஸ்டாங்குக்கு முன் டிஸ்க், பேட், பின் டயர்கள் என இரண்டு லட்சத்துச் சொச்சம் ஆகும்; 50 லட்சம் நியாயம், 49இல் தொடங்கலாம். கேமனுக்கு டயர், பேட்டரி, வயரிங், எல்லாத் திரவங்களும் மாற்றுவது என ஏறத்தாழ நான்கு லட்சம் போனால் 59. அதுவும் உரிமையாளரே வரியைக் கட்டித் தமிழ்நாட்டு எண் வாங்கித் தந்தால் மட்டும். இல்லையென்றால் வரி ரசீதில் வரும் தொகை முழுவதையும் அந்த 59இலிருந்து கழிக்க வேண்டும் என்றேன். தோப்பின் மேலாளர் வருத்தப்பட்டுக்கொண்டார். மஸ்டாங் 50 லட்சத்து 25 ஆயிரத்துக்கு முடிந்தது. கூடுதலாகப் போன 25 ஆயிரம், அந்த ஃபைலுக்காக மைத்துனர் மனமுவந்து கொடுத்தது. கேமன் இன்னும் தென்னைக்கு அடியில்தான் நிற்கிறது. போன வாரம் புரோக்கர் கூப்பிட்டு 60க்கு இறங்கியிருப்பதாகச் சொன்னார். எண் மாற்றியாயிற்றா என்று கேட்டேன், இன்னும் இல்லை என்றார்.