திரைப்படப் பள்ளி: டிப்ளோமா முடித்து 4 வருஷம் கழித்து

சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் போய் இரண்டரை வருஷம் திரைப்படம் படித்தேன். பள்ளியின் பேர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன். பிடிபிடிஎன் கல்விக் கடன் இன்னும் மாசாமாசம் போகிறது.

முதல் நாள் ‘யாரெல்லாம் இயக்குநர் ஆகணும்?’ என்று கேட்டார்கள். வகுப்பே கை தூக்கியது. கடைசி செமஸ்டரிலும் அதே கதைதான். குறும்படத்துக்கு பூம், அதாவது நுனியில் மைக் மாட்டிய நீளக் கம்பு, பிடிக்க ஆளில்லை. சீட்டுக் குலுக்கியதில் என் பேர் வந்தது, கழிவறைக்குப் போய் அழுதேன். இன்றைக்குச் சோறு போடுவது அந்தக் கம்புதான். செம்பனைக் குலை வெட்டிய அப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானாம்மா?" என்றார்.

ஒலி வாத்தியார் ஒருவர் மட்டும் பிடிவாதக்காரர். எந்த இடத்தில் எடுத்தாலும், கிளம்புமுன் 30 விநாடி எல்லாரும் சிலையாக நிற்க வேண்டும். அந்த இடத்தின் வெறும் சத்தத்தை, ரூம் டோனை, பதிய வேண்டும். சிரிப்போம். போன வருஷம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு லயத்து வீட்டில் நாடகப் படப்பிடிப்பு. தகரக் கூரை, பக்கத்து வீட்டு மின்விசிறி, வெளியே குலை ஏற்றிய லோரி. வசனத்துக்கு நடுவே லோரிச் சத்தத்தை வெட்டினால் அந்த இடம் செத்துப்போகும். அங்கே ஒட்ட டோன்தான் வேண்டும். வெளிச்சம் போகிறதென்று இயக்குநர் கத்தினார், நான் நகரவில்லை. 22-ஆவது விநாடியில் காப்பித் தட்டோடு நின்ற வீட்டுக்காரப் பாட்டி, "ஏம்மா, ஆச்சா?" என்றார். மறுபடியும் முதலிலிருந்து 30.

எடிட்டிங் அறை ராத்திரி வரை திறந்திருக்கும், அதில் குறையில்லை. கேமராவுக்கு வரிசை நிற்க வேண்டும், அதுவும் பழகிவிடும்.

பழகாதது காசு விஷயம். இன்வாய்ஸ் எழுத யாரும் சொல்லித் தரவில்லை. முதல் வேலையில் வாய்ப்பேச்சை நம்பிப் போனேன், ஒரு வெள்ளிகூட வரவில்லை. இரண்டாவதில் மூன்று மாசம் கழித்து வந்தது. படம் தயாரிக்க ஃபினாஸ் என்கிற தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தின் உரிமம் வேண்டும் என்பது 1981-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு வகுப்பில் அரை மணி நேரம்தான் கிடைத்தது. வெளிநாட்டு இயக்குநர்களின் நீண்ட ஷாட்டுகளுக்கோ மூன்று வாரம்.

எஸ்பிஎம் பரீட்சை முடித்த எதிர்வீட்டுத் தம்பி, "சேரலாமாக்கா?" என்று கேட்டான். ஓப்பன் டே அன்று விளம்பரப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதே, உபகரண அறைக்குப் போய் பூம் கம்பை முழுசாக நீட்டிப் பார் என்றேன். நாங்கள் படித்த காலத்தில் அதன் மூன்றாவது கணு நிற்கவே நிற்காது, டேப் சுற்றித்தான் ஓட்டினோம்.