ஈ.எல். (வேலை செய்து சேர்த்த, சம்பளத்தோடு வரும் லீவு) கேட்க எது தேவலை: லீவு லெட்டரா, வாட்ஸ்அப்பா?

கடலூர் சிப்காட் பக்கம் இரண்டும் நடக்கிறது. வாட்ஸ்அப் வேகம்தான். சூப்பர்வைசர் கட்டைவிரல் போட்டதும் ஆள் கிளம்பிவிடுவார். லீவுப் பதிவேட்டில் ஏறியிருக்காது, சம்பளத்தன்று பிடித்தம். தை 5 ஆற்றுத் திருவிழா வந்தால் ஒரே ஷிப்டில் நாலு பேருக்கு ‘ஓகே’ போய்விடும்.

லெட்டர் மெதுவானது. 15 நாள் முன்பே கொடுக்கச் சொன்னது, 2025 நவம்பர் வரை இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 79ஆம் பிரிவு. இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மிச்ச லீவு 30 நாள்தான் அடுத்த ஆண்டுக்குப் போகும். முறைப்படி கேட்டும் சட்டத்துக்கு மாறாக மறுக்கப்பட்ட நாட்களுக்கு அந்த வரம்பில்லை. கேட்டதற்குச் சாட்சி அந்தப் பிரதி.

திடீர்க் காய்ச்சலா? அப்போது வாட்ஸ்அப்தான், லெட்டரைத் திரும்பி வந்ததும் கொடுக்கலாம்.