டிக்கி லாக் போச்சுன்னு சொல்றாங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி டிக்கிக்குப் போற வயரை மூடியிருக்கிற ரப்பர் குழாயைக் கழற்றச் சொல்லுங்க

குளச்சல்ல கடலோரமா நிக்கிற ஒரு ஹேட்ச்பேக். டிக்கி சுவிட்சை அழுத்தினா ஒரு நாள் திறக்கும், மறுநாள் திறக்காது. நாகர்கோவில்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டாங்க. ஸ்கேனரை மாட்டிப் பாத்துட்டு லாக்கை மாத்தினாங்க, பில் 6,800 ரூபாய். பத்து நாள் ஒழுங்கா திறந்துச்சு. ஐப்பசி மழை ரெண்டு நாள் விடாம பெய்ததும் மறுபடி மக்கர். அடுத்து சுவிட்சை மாத்தினாங்க, 1,900. அது ஒரு வாரம் தாங்குச்சு. மூணாவது தடவை, "பிசிஎம் போச்சு சார், 24,000 ஆகும்"னு எஸ்டிமேட் வந்துச்சு. பிசிஎம்னா (BCM) லைட், லாக் எல்லாத்தையும் இயக்குற கம்ப்யூட்டர் பெட்டி. கோளாறு இருந்ததோ டிக்கிக்கும் கூரைக்கும் நடுவுல வர்ற மடிப்பு ரப்பர் குழாய்க்குள்ள. ரெண்டு வயர் அறுந்து கிடந்துச்சு. மூணு தடவையும் அந்தக் குழாய்ல யாரும் கையே வைக்கல.

லாக்கை மாத்தினதும் திறந்துச்சே, அப்போ லாக்தானே கோளாறுன்னு தோணும். ஏமாறுறது இங்கதான். லாக்கை மாத்தணும்னா உள்பக்க பிளாஸ்டிக்கைக் கழற்றி வயரை இழுக்கணும். அந்த அசைவுல அறுந்த முனைகள் திரும்பத் தொட்டுக்கும், கொஞ்ச நாள் ஓடும். ஸ்கேனர்ல ஓப்பன் சர்க்யூட்னு (மின்பாதை எங்கேயோ விட்டுப்போச்சுன்னு) வர்றதும் லாக் போனதுக்குச் சாட்சி இல்ல. வயர் அறுந்தாலும் அதே எரர் கோட்தான் (code) வரும்.

டிக்கியை ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அந்த வயர்கள் ஒரே இடத்துல மடங்கி நிமிருது. வெயில்ல மேல் தோல் விறைச்சு, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்னா அறும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ரெண்டு பருவமழையும் உண்டு. கடலோரத்துல உப்புக் காத்து வேற. ஈரம் ஏறினா மிச்ச இழையையும் களிம்பு தின்னுடும்.

சோதிக்க ரொம்ப நேரம் ஆகாது. முதல்ல காது கொடுத்துக் கேளுங்க. பின் சீட்டை மடக்கி ஒருத்தர் உள்ளே இருக்கட்டும், இன்னொருத்தர் சுவிட்சை அழுத்தட்டும். லாக்ல "டக்"னு சத்தம் கேட்டும் திறக்கலைன்னா பெரும்பாலும் மெக்கானிக்கல் கோளாறு: கிரீஸ் காய்ஞ்சிருக்கும், கொக்கி விலகியிருக்கும், இல்லைன்னா சுத்தி இருக்கிற ரப்பர் ஒட்டியிருக்கும். சத்தமே இல்லைன்னா மின்சாரம் பக்கம் பாருங்க.

அப்புறம் நம்பர் பிளேட் லைட், பின் வைப்பர், மேல இருக்கிற பிரேக் லைட், பின் கண்ணாடிப் பனியைப் போக்குற டிஃபாகர் எல்லாத்தையும் போட்டுப் பாருங்க. அதுல ஏதாவது ஒன்னும் கூடவே வேலை செய்யலைன்னா சந்தேகம் நேரா ரப்பர் குழாய் மேலதான். பிரேக்கை மிதிச்சா நம்பர் பிளேட் லைட் மங்கலா எரியுதா? எர்த் வயர் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். குளச்சல் வண்டியில நம்பர் பிளேட் லைட் முன்னாடியே போயிருந்துச்சு. அதைப் பாத்திருந்தா முதல் பில்லே வந்திருக்காது.

குழாயோட முனையை விரலால அமுக்கி உருவினா வெளியே வந்துடும். உள்ளே இருக்கிற வயரை ஒவ்வொன்னா பிடிச்சு மெதுவா இழுங்க. நல்ல வயர் விறைப்பா நிக்கும். உள்ளே அறுந்தது ரப்பர் பேண்ட் மாதிரி நீளும், ஏன்னா மேல் தோல் மட்டும்தான் பிடிச்சிட்டிருக்கும். தோலைக் கீறினா செம்பு பச்சையா இருக்கலாம்.

லாக் கனெக்டரைக் கழற்றி மோட்டாருக்கு வர்ற ரெண்டு முனைக்கும் நடுவுல 12 வோல்ட் 5 வாட் பல்பு வைங்க, சுவிட்சை அழுத்துங்க. வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட்னு காட்டும், மோட்டார் இழுக்கும்போது அந்த வோல்ட் இறங்கிடும். பவர் வர்றது ஒரு நொடிகூட இருக்காது, டிஜிட்டல் மீட்டர் அதைத் தவற விடவும் செய்யும். பல்பு பளிச்னு எரிஞ்சும் மோட்டார் அசையலைன்னா மட்டும் லாக்கை மாத்துங்க. ஒன்னு கவனம்: பிசிஎம் சிக்னல் வயர்லயும் மஞ்சள் ஏர்பேக் கனெக்டர்லயும் பல்பு டெஸ்டரை வைக்கவே கூடாது.

சுவிட்ச்ல ரெண்டே பின் (வயர் சேர்ற கம்பி முனை) இருந்து, அதுல ஒன்னு எர்த்னு மீட்டர்ல உறுதியானா, வயர் பக்கக் கனெக்டர்ல ரெண்டையும் ஒரு கணம் இணைச்சுப் பாருங்க. திறந்தா சுவிட்ச்தான் கோளாறு. அதிகப் பின் இருந்தா இதைச் செய்யாதீங்க.

ரிப்பேர்லயும் ஏமாத்துவாங்க. அறுந்த இடத்துலயே முறுக்கி கறுப்பு டேப் சுத்தினா அடுத்த மழைக்குத் தாங்காது. மடங்குற இடத்துல ஈயம் பத்த வச்சாலும் பக்கத்துலயே ஒடியும். அதே கனத்துல நுண் இழை வயர் ஒரு துண்டு போட்டு, ஜாயின்ட் ரெண்டும் குழாய்க்கு வெளியே, வண்டி பாடிப் பக்கம் ஒன்னும் டிக்கிப் பக்கம் ஒன்னுமா வரணும். கிரிம்ப் பண்ணி (உலோகக் குழாய்ல அமுக்கி இணைச்சு), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டா சுருங்கி இறுகுற உறை) போடச் சொல்லுங்க. ஒரு வயர் அறுந்திருந்தா பக்கத்து வயரையும் இழுத்துப் பாக்கச் சொல்லுங்க.

பிசிஎம்தான்னு சொன்னா, எந்தப் பின்ல எவ்வளவு வோல்ட் வந்துச்சுன்னு கேளுங்க. பழைய வண்டிப் பிசிஎம் வேண்டவே வேண்டாம், சாவியும் இம்மொபிலைசரும் (சரியான சாவி இல்லாம ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பு) சேராம வண்டியே ஸ்டார்ட் ஆகாமப் போகலாம். மாத்தின பழைய பார்ட்டைக் கையில வாங்குங்க. பில்லுல "வயரிங் வேலை"ன்னு மட்டும் எழுதினா விடாதீங்க. எத்தனை வயர், என்ன நிறம், ஜாயின்ட் எங்கேன்னு எழுதி வாங்குங்க.