நர்ஸிங்கா, ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட்டா (எச்ஐஎம்)?

ரெண்டுமே ஆஸ்பத்திரி வேலைதானேன்னு குழம்பாதீங்க, ஒண்ணு நோயாளி பக்கத்துல நிக்கிறது, இன்னொண்ணு அவரோட ரெக்கார்டு பக்கத்துல உக்கார்றது.

படிப்பு: நர்ஸிங்ல அனாடமி, மருந்தியல், அதுக்கு மேல வார்டுல மணிக்கணக்கா கிளினிக்கல் போஸ்டிங், கால் வீங்கிடும். எச்ஐஎம்ல டேட்டாபேஸ், பிரைவசி சட்டம், நோய்க்கெல்லாம் குறியீட்டு எண் போடுறது. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10 படிச்சு முடிச்சவங்க 2022ல ஐசிடி-11 வந்ததும் திரும்பப் புத்தகத்த எடுத்தாங்க!

லைசென்ஸ்: நர்ஸுக்குப் பதிவு கட்டாயம், வேற நாடு போனா அங்கயும் தனியா பதியணும். எச்ஐஎம்ல சர்டிஃபிகேட் இருந்தா மதிப்பு, பதிவு வேணுமாங்கிறது நாட்டப் பொறுத்தது.

நேரம்: நர்ஸிங்ல நைட் ஷிப்டும் உண்டு. எச்ஐஎம்ல பெரும்பாலும் பகல்.

ரத்தம் பாத்தாலே தலை சுத்துதுன்னா எச்ஐஎம். மனுஷங்களோட இருக்கணும்னா நர்ஸிங். ரெண்டுக்கும் நடுவுல ஊசலாடினா நர்ஸிங்தான் சொல்வேன், பின்னாடி முதுகுவலி வந்தா ரெக்கார்டு பக்கம் மாறிக்கலாம், அங்கேருந்து நர்ஸாகணும்னா மொதல்லேருந்து படிக்கணும்.