ஹெட்லைட் ரிலே கிட்: மூன்று மழைக்காலம் கழித்தும் தீராத எர்த் தலைவலி

பழைய வண்டியில் ஹெட்லைட் மங்கலாக எரிகிறது, எல்இடி பல்பு மாட்டலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டாம், ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் மின்சுவிட்ச்) போடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் என் வண்டியில் மாட்டிய ரிலே கிட்டின் எர்த் ஒயரை, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் கறுப்பு ஒயரை, இந்த வாரம் இரண்டாவது முறையாக வெட்டி எறிய வேண்டி வந்ததால், பதிலை முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நல்லது. பழைய வண்டிகளில் பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் சாவி, லைட் சுவிட்ச், டிப்பர் (ஹை பீம், லோ பீம் மாற்றும் சுவிட்ச்) என்று சுற்றித்தான் பல்புக்கு வந்து சேரும். எச்4 பல்பு (ஹை, லோ இரண்டுக்கும் இழை உள்ள ஹாலோஜன் பல்பு) இரண்டின் லோ பீமும் சேர்ந்து 10 ஆம்பியர் வரை இழுக்கும். 1 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 18 மில்லி ஓம் தடை. நாலு மீட்டர் ஓடினால் ஒயரிலேயே 0.7 வோல்ட் போய்விடும். தேய்ந்த சுவிட்ச் பாயின்ட்கள் தின்பது தனிக்கணக்கு. பேட்டரியில் 13.8 இருக்க, பல்பில் 12.1 வருவது பழைய ஒயரிங்கில் சாதாரணம்.

1.7 வோல்ட்தானே என்று விட்டுவிட முடியாது. ஹாலோஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். மேலே சொன்ன கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிச்சம் ஒயரிலேயே தங்கிவிடுகிறது. ரிலே போட்டால் சுவிட்ச் வழியாகப் போவது ரிலே காயிலை இழுக்கும் சொற்பக் கரண்ட் மட்டும். பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து நேராக வரும். பல்பு அதேதான், 60/55 வாட்தான். மாட்டிய அன்றே சாலை ஓரத்து மண் விளிம்பு தெரிந்தது, மஞ்சள் மங்கல் போய் வெள்ளை வந்தது. இன்றுவரை ரிலே ஒன்றுகூடப் பழுதாகவில்லை, டிப்பர் சுவிட்ச் சூடாவதும் நின்றுவிட்டது. இந்த விஷயத்தில் கிட் மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

எரிச்சல் முழுக்க அந்தக் கறுப்பு ஒயர் மேல்தான். பாசிட்டிவ் பக்கம் தடியாக ஒயர் கொடுத்தவர்கள், எர்த்துக்கு இரண்டு பல்பு ஹோல்டரிலிருந்தும் வருவதை ஒன்றாக முறுக்கி, ஒரே மெல்லிய ஒயராக்கி, முனையில் போல்ட்டில் மாட்ட ஒரு வளைய லக் (உலோக முனை) அடித்து அனுப்பியிருக்கிறார்கள். போகிற 10 ஆம்பியரும் அதே வழியாகத்தானே திரும்பி வர வேண்டும்? லக்கை வெட்டிப் பிரித்தால், ஒயரை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்பில் பாதி பிளாஸ்டிக் உறையைக் கடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே தாமிர இழைகள் கறுத்து, உறைக்குள் இரண்டு அங்குலத்துக்குப் பச்சை ஏறியிருக்கிறது. வளையத்துக்கு அடியில் பெயின்ட், பெயின்டுக்கு அடியில் துரு.

இந்தக் கோளாறு சுலபத்தில் பிடிபடாது. ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்த்தால் சாதாரண மல்டிமீட்டர் இதை நல்ல இணைப்பு என்றே காட்டும். 0.05 ஓம் தடையை அது பிரித்துக் காட்டாது. 10 ஆம்பியர் ஓடும்போது அந்த 0.05 ஓமிலேயே அரை வோல்ட் இறங்கி, 5 வாட் சூடு கிளம்பும். லக் கறுப்பது அந்தச் சூட்டில்தான். அதனால் லோடு இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடட்டும், லோ பீம் எரியட்டும், மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனை ஹோல்டரின் பின்பக்கம் எர்த் பின்னில், மறுமுனை பேட்டரி நெகட்டிவ் ஈயக் கம்பத்தில். கிளாம்ப்பில் வைக்காதீர்கள், கம்பத்திலேயே வையுங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி பாருங்கள், 0.3க்குள் இருக்க வேண்டும்.

கிட்டின் எர்த்தை நம்பாமல், ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஓட்டி, பேட்டரி நெகட்டிவ்வுக்கே கொண்டுபோய்விடுங்கள். லக்கைச் சரியான கிரிம்பிங் டூலில் அடித்து, உள்ளே பசை உருகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கும் குழாய்) போட்டு மூடினால் ஈரம் ஏறாது. பாடியில்தான் மாட்டியாக வேண்டுமென்றால், உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள்.

பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடையில் ஒயர் உரசினால் தீதான். ரிலேயை ஒயர் கீழ்ப்பக்கம் வரும்படி மாட்டினால் தண்ணீர் உள்ளே இறங்காது.

மாட்டும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஜப்பானிய வண்டிகள் சிலவற்றில் பல்பின் பொது பின்னில் பாசிட்டிவ் வரும், சுவிட்ச் எர்த்தைத்தான் மாற்றும். சாதாரண கிட்டை அதில் அப்படியே செருகினால் சரியாக வேலை செய்யாது. இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப விளக்கு ஏறி இறங்கும் பழைய ஏசி லைட் பைக்குகளுக்கும் இது அப்படியே பொருந்தாது. டிசி ரிலே ஏசியில் தடதடக்கும்.

எல்இடி ஏன் வேண்டாம்? எச்4 ரிப்ளக்டர், இழை எங்கே இருக்கிறதோ அந்த மில்லிமீட்டர் கணக்கில் வார்த்தது. எல்இடி சிப் இடம் மாறினால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் விழும், சாலையில் விழாது. அதிக வாட்டுள்ள 100/90 பல்பும் வேண்டாம், அது ஹோல்டரைக் கருக்கும், ரிப்ளக்டரையும் கெடுக்கும். ரிப்ளக்டர் மங்கியிருந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் உதவாது, டூமையே (ரிப்ளக்டரும் கண்ணாடியும் சேர்ந்த விளக்குக் கூடு) மாற்ற வேண்டும். துணியால் துடைத்துப் பார்க்கலாம் என்று இறங்கிவிடாதீர்கள், அந்த அலுமினியப் பூச்சு கையோடு வந்துவிடும்.

இவ்வளவு நல்ல வெளிச்சம் கொடுத்த அதே கிட்டை இன்னொரு முறை வாங்குவேனா? மாட்டேன். எர்த்துக்குத் தடியான ஒயர் வைக்க மனமில்லாதவர்களிடம் காசு கொடுக்க எனக்கும் மனமில்லை. 30 ஆம்பியர் ரிலே இரண்டு, பீங்கான் ஹோல்டர் இரண்டு, பியூஸ் ஹோல்டர், எட்டு பத்து மீட்டர் 2.5 ஒயர் வாங்கி, ஒரு பகலில் நாமே கட்டிவிடலாம்.

கட்டி முடித்ததும் அன்று இரவே லெவல் பாருங்கள். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சமதரையில் நிறுத்தி, லோ பீமின் வெட்டுக்கோடு (வெளிச்சம் முடியும் மேல் விளிம்பு) விளக்கின் நடுமட்டத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகை வையுங்கள். மங்கலாக இருந்தபோது யாரோ தூக்கி வைத்துவிட்டுப் போன விளக்கு, ரிலே போட்டபின் அதே உயரத்தில் எதிரே வருபவரைக் குருடாக்கும்.