13 வயதுப் பையனை வேலரண்ட் கோச்சிங்கில் சேர்த்து ஏமாந்தேன். பெற்றோர் கவனத்துக்கு

என் மகன் எட்டாவது படிக்கிறான். மதுரையில் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும் ஒரு கேமிங் சென்டரில் வேலரண்ட் (ஆன்லைனில் அணியாக ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம்) கோச்சிங் என்று மூன்று மாதத்துக்கு 15,000 ரூபாய் கட்டினேன். "மேடம், பையன்கிட்ட ஸ்பார்க் இருக்கு. ஆறு மாசத்துல டோர்னமென்ட் டீம்ல இருப்பான்" என்றார் கோச். நம்பினேன்.

"செட்டிங் சரி பண்ணணும்" என்று பையனின் ஐடி, பாஸ்வேர்ட் இரண்டையும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டே வாரத்தில், கீழ்மட்டமான பிரான்ஸ் (வெண்கலம்) ராங்க்கில் இருந்தவன் அதைவிட உயர்ந்த பிளாட்டினம் ராங்க்குக்குப் போய்விட்டான். நானும் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னேன்.

அதன் பிறகுதான் பையன் முகம் மாறியது. ஒவ்வொரு மேட்ச்சிலும் தோல்வி. ஹெட்செட்டில் கூட ஆடுபவர்கள் கேட்கக் கூசும் வார்த்தைகளில் திட்டுகிறார்கள். ஒரு ராத்திரி அழுதுகொண்டே சொன்னான்: "அம்மா, அந்த ராங்க் நான் எடுத்தது இல்ல. அங்க இருக்குற அண்ணன்தான் என் ஐடில ஆடினார்." அவன் திறமைக்கு மீறிய ஆட்களோடு அவனை மோதவிட்டிருக்கிறார்கள். இப்படி வேறொருவர் ஆடி ராங்க்கை உயர்த்துவதற்கு பூஸ்டிங் என்று பெயர். கேம் கம்பெனியின் விதிப்படி பாஸ்வேர்டைப் பகிர்வதே தப்பு, கணக்கை முடக்கலாம். அவன் ஐடி இப்போது முடங்கிக் கிடக்கிறது.

டோர்னமென்ட் பேச்சும் பொய். வேலரண்ட்டின் அதிகாரபூர்வ போட்டிகளில் 16 வயது நிரம்பியவர்கள்தான் ஆட முடியும். ஐரோப்பிய வயது மதிப்பீட்டிலும் அது 16+ கேம். பையனின் வயதை ஃபாரத்தில் எழுதி வாங்கியவர்கள் இதை என்னிடம் சொல்லவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் "கோர்ஸ் ஆரம்பிச்சாச்சு" என்கிறார்கள். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டுதான் கிடைத்தது. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு மேட்ச்சாவது பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அஞ்சு பேருக்கு அஞ்சு பேர், முதலில் 13 ரவுண்டு ஜெயிக்கும் அணிக்கு வெற்றி. முடிய அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். நடுவில் எழுந்தால் தண்டனை உண்டு, கூட ஆடும் நாலு பேருக்கும் நஷ்டம். இது தெரியாமல் "சாப்பிட வா, அப்புறம் ஆடலாம்" என்று எத்தனை நாள் கத்தியிருக்கிறேன்! அவன் வராதது திமிர் என்றே நினைத்தேன்.

அதே கேமில் ஸ்விஃப்ட்பிளே என்று ஒன்று இருக்கிறது, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ராங்க் கிடையாது. முன்பின் தெரியாதவர்கள் பேசும் வாய்ஸ் சாட்டை செட்டிங்கில் அணைத்துவிடலாம். கேம் இலவசம்தான், துப்பாக்கி ஸ்கின் (துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் டிசைன்) மாதிரியானவற்றுக்குத்தான் காசு. ஸ்கின்னை வாங்கினால் ஆட்டத் திறமை அதிகமாகாது, அழகுக்கு மட்டும்தான். என்னிடம் அந்த கோச் இதில் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை.

தோற்றால் உங்கள் பிள்ளை என்ன செய்கிறான் என்று பாருங்கள். அடுத்த மேட்ச்சுக்குச் சிரித்துக்கொண்டு போகிறானா, தூக்கம் கெட்டு உர்ரென்று இருக்கிறானா? என் மகன் இரண்டாவது வகை என்பது அந்த ராத்திரி வரை எனக்குத் தெரியவில்லை. இனி 16 வயது வரை ராங்க் மேட்ச் வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

மதுரையில் வேறு யாராவது இப்படிப் பணம் கட்டியிருந்தால், சீட்டையும் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வையுங்கள். எனக்கு மெசேஜ் போடுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.